காற்றுச் சாமிகளின் கையில் இருக்கும் வானிலை அறிக்கை

ஏதென்ஸில் பழைய ரோமானியச் சந்தை இருந்த இடத்தில் எட்டுப் பக்கமுள்ள பளிங்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம், வயது இரண்டாயிரத்துக்கு மேல். அந்திரோனிக்கஸ் என்ற வானியலாளர் கட்டியது. வெளிச்சுவர்களில் சூரியக் கடிகாரம், உள்ளே தண்ணீர்க் கடிகாரம், உச்சியில் காற்றோடு சுழலும் ட்ரைட்டன் என்ற கடல் சாமியின் வெண்கலச் சிலை. இப்போது சிலையும் இல்லை, தண்ணீர்க் கடிகாரமும் இல்லை. அன்று சிலையின் கையிலிருந்த கோல், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துச் சாமியைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக்கு ஒன்றாக எட்டுக் காற்றுச் சாமிகள், எல்லோருக்கும் இறக்கை உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது இறக்கையை அல்ல, கையை.

தெற்கில் இருக்கும் நோட்டஸ் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றுகிறான். தெற்குக் காற்று என்றதும் நம் தென்றலை நினைத்துவிடக் கூடாது, அங்கே அது மழைக்கு முன்னால் வருகிற ஆள். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடுவதால், அதன் முன்பக்கத்தில் மாட்டுகிற ஊருக்குத் தெற்கிலிருந்துதான் காற்று வரும், வரும் வழியெல்லாம் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு. தாழ்வு தாண்டிப் போனதும் காற்று வடக்குப் பக்கம் திரும்பிவிடும், குளிர் இறங்கும்.

எனக்குப் பிடித்தவன் வடகிழக்கின் கைக்கியாஸ். கேடயம் நிறைய ஆலங்கட்டியை வைத்துக்கொண்டு தலையில் கொட்டத் தயாராக நிற்கிறான். வடக்கே பால்கன் நாடுகள் பக்கமிருந்து வரும் குளிர்காற்று வறண்டதுதான், ஆனால் நடுவில் ஏஜியன் கடல் கிடக்கிறதே! தன் மேலே போகும் காற்றைவிட அந்தக் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் அடியிலிருந்து சூடும் நீராவியும் ஏறுகின்றன, மேகம் திரள்கிறது, கரையோரக் குன்றுகளில் மோதி இன்னும் மேலே எழும்பிப் பனியாகக் கொட்டுகிறது. ஏதென்ஸில் இன்றைக்கும் பெரிய பனிப்பொழிவு பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் காற்றில்தான். மேற்கின் செஃபிரஸ் மடி நிறையப் பூவோடு வருகிறான், வசந்தக் காற்று, அவனால் தொல்லையில்லை.

அப்புறம் வடக்கு, போரியாஸ். தாடி வைத்துக்கொண்டு சங்கு ஊதுகிறவன். ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகளைத் தூக்கிக்கொண்டு போனவன் என்பது கதை, அதனால் ஊருக்கே மாப்பிள்ளை. கி.மு. 480இல் பாரசீகக் கடற்படை வந்தபோது மாப்பிள்ளையைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார்கள். புயல் அடித்தது, குறைந்தது 400 கப்பல் போனது என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஏதென்ஸ்காரர்கள் ஊர் திரும்பி இலிசஸ் ஆற்றங்கரையில் அவனுக்குக் கோயில் கட்டினார்கள். பாரசீகப் பூசாரிகளும் சும்மா இருக்கவில்லை, பலி கொடுத்து மந்திரம் சொல்லி நாலாம் நாள் காற்றை நிறுத்தினார்களாம். கூடவே ஹெரோடோட்டஸ் ஒன்று சேர்க்கிறார்: அல்லது, அதுவாகவே நின்றிருக்கலாம்.