கேம்பிசன்: வயிற்றில் பிறந்த சட்டை

போலந்தின் கிருன்வால்ட் வயல்வெளியில் 1410 ஜூலை 15 அன்று ஒரு பெரும்போர் நடந்தது. டியூட்டானிய வீரத்துறவிகளின் படையைப் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து முறியடித்த போர். அதே வயலில் இப்போதும் ஜூலை மாதம் வந்தால் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து கூடுகிறார்கள். இரும்புத் தகடும் வாளும் கொடியுமாக அந்தப் போரை நடத்திப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அமெரிக்காவில் 1966இல் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்தே பின்னாளில் இதே பொழுதுபோக்குக்கான பெரிய அமைப்பாக வளர்ந்தது.

ஆட்டம் முடிந்து ஒருவர் கூடாரத்துக்குத் திரும்பும்போது பார்க்க வேண்டும். தலைக்கவசம் கழலும், மார்புத் தகடு கழலும், கைத்தகடுகளின் வார்களை நண்பர் ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். இரும்பெல்லாம் போனபின் மிஞ்சுவது, மெத்தைக்குக் கைகால் முளைத்தது போல ஓர் உருவம். வியர்வையில் ஊறி, கனத்து, கழுத்தோரம் ஆவி பறக்கும். அந்த மெத்தைக்குப் பெயர்தான் கேம்பிசன்.

இந்தப் போர் மறுநடிப்பு வட்டாரத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் வாங்க வேண்டியது வாளா, தலைக்கவசமா என்று கேட்பார். பழையவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: முதலில் கேம்பிசன் வாங்கு, மற்றதெல்லாம் அப்புறம். மற்ற எதுவும் உடம்பில் சரியாக உட்கார வேண்டுமானால் அடியில் அது இருக்க வேண்டும். இரும்புக் கவசத்தை அளவெடுப்பதே கேம்பிசனைப் போட்டுக்கொண்டுதான். பிறகு வாங்கினால், முன்னே வாங்கிய தகடு எதுவும் பூட்டாது.

கையில் எடுத்துப் பார்த்தால் வேலைப்பாடு நம் ஊர் மெத்தைக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிடும். வெளியே முரட்டு லினன் துணி, உள்ளே இன்னொரு லினன், நடுவில் பஞ்சோ கம்பளி மயிரோ சணல்கழிவோ. நடுவில் இருப்பது ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடாமல் இருக்க, மேலிருந்து கீழாக இரண்டு விரல் இடைவெளியில் நெடுந்தையல். அதனால் சட்டை முழுவதும் வரப்பும் வாய்க்காலுமாகத் தெரியும். கழுத்துப்பட்டி நிமிர்ந்து தாடையில் இடிக்கும். அக்குளில் பெரும்பாலும் துணியே இருக்காது. அங்கேயும் பஞ்சை வைத்துத் தைத்தால் கையைத் தூக்க முடியாது. ஒரு சட்டை மூன்று நான்கு கிலோ வரும். போட்டதும் கைகள் தாமாக உடம்பைவிட்டு விலகி நிற்கும், பொம்மலாட்டப் பாவையைப் போல.

இதைத் துவைப்பது பெரும்பாடு. பஞ்சு ஈரத்தை விடாது, கட்டிதட்டிவிடும். வெயிலில் உலர்த்தி, நாடகக்காரர்களிடமிருந்து கற்ற வித்தையாக மலிவான வோட்காவைத் தெளித்து நாற்றத்தைக் கொல்பவர்கள் உண்டு. மறுநாள் காலை ஈரம் காயாத கேம்பிசனுக்குள் மறுபடி கையை நுழைப்பதுபோல மனிதனைச் சோதிப்பது வேறில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலம் இதைப் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பிரெஞ்சில் கம்பே, கம்பெசோன் என்ற வடிவங்கள். அதற்கும் பின்னால் ஜெர்மானிய மொழிகளின் வம்பா என்ற சொல் இருப்பதாகச் சொற்பிறப்பு அறிஞர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். வம்பா என்றால் வயிறு. வயிற்றை மூடுவது என்பதால் வயிற்றின் பெயரே சட்டைக்கு வந்துவிட்டது. ஜெர்மனில் இன்றும் பழங்காலச் சட்டை ஒன்றுக்கு வம்ஸ் என்று பெயர். ஸ்காட்லாந்துப் பேச்சில் வயிற்றுக்கு வேம் என்பார்கள். ஆங்கிலத்தில் கருப்பையைக் குறிக்கும் ஊம் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

வகரம் எப்படிக் ககரம் ஆயிற்று என்று கேட்கலாம். ஜெர்மானியச் சொல்லின் முதலில் வரும் வகர ஒலி பிரெஞ்சு வாயில் ககரமாவது வழக்கம். ஜெர்மானியரின் வில்ஹெல்ம் பிரெஞ்சுக்காரரிடம் கியோம் ஆனதும் இப்படித்தான். 1181இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி போட்ட ஆயுதச் சட்டத்தின் லத்தீனில் இந்தச் சட்டை வம்பாய்ஸ் என்று வகரத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

இதை ஒப்பாதவர்களும் உண்டு. கிரேக்கத்தில் பஞ்சைக் குறிக்கும் பம்பாக்ஸ் என்ற சொல்லிலிருந்தே இது வந்தது என்பது அவர்கள் வாதம். வயிறா பஞ்சா என்றால் நான் வயிற்றின் பக்கம். ஜெர்மன் வம்ஸ் அதற்கு நல்ல சாட்சி.

பஞ்சுக் கட்சிக்காரர்கள் வருந்த வேண்டியதில்லை. அவர்களுக்கு இதன் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான். அவன் பெயர் அக்கெட்டன். அரபியில் பஞ்சு அல்-குத்ன். ஸ்பானியர் அதை அல்கோதோன் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் ஓக்தோன் என்று சட்டைக்கு வைத்தார்கள், ஆங்கிலேயர் அக்கெட்டன் ஆக்கினார்கள். காட்டன் என்று நாம் தினமும் சொல்வதும் அந்தக் குத்ன்தான். ஸ்காட்லாந்தில் 1318இல் அரசர் ராபர்ட் புரூஸ் போட்ட சட்டப்படி, பத்துப் பவுண்டு பெறுமான உடைமை உள்ளவன் நாட்டைக் காக்க ஓர் அக்கெட்டன் வைத்திருக்க வேண்டும். பருத்தி விளையாத குளிர்நாட்டில், அரபுப் பஞ்சின் பெயரைச் சுமந்த சட்டை அரச ஆணையில் ஏறியிருக்கிறது.

அடுத்த உறவுக்காரர் இன்னும் நமக்கு நெருக்கம். தகட்டுக் கவசத்தின் மேல் போட்டுக்கொண்ட சட்டைக்கு ஜூப்பன் என்று பெயர். 1376இல் இறந்த, கறுப்பு இளவரசர் என்று பேர்பெற்ற இங்கிலாந்தின் எட்வர்டுடைய ஜூப்பன் கான்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது. வெல்வெட்டும் உள்ளே பஞ்சுமாகத் தைத்து, இங்கிலாந்து, பிரான்ஸ் இரண்டின் சின்னங்களும் போட்டது. அறுநூறு ஆண்டுக்கு மேலான துணி இவ்வளவு மிஞ்சியதே அபூர்வம். அந்த ஜூப்பனின் மூலம் அரபியின் ஜுப்பா. அதே ஜுப்பா உருது வழியாக நம்மிடம் வந்து ஜிப்பா ஆயிற்று. கல்யாண வீட்டில் பட்டு ஜிப்பாவில் நிற்கும் மாமாவும் கான்டர்பரியில் கல்லறைக்கு மேல் தொங்கிய இளவரசர் சட்டையும் பெயரளவில் பங்காளிகள். பிரான்ஸில் அந்தச் சொல் பெண்களின் பாவாடைக்குப் பெயராகிவிட்டது என்பது தனிக்கதை.

பூர்ப்வான் என்று இன்னொன்று. குத்தித் தைத்தது என்று பொருள். அது ஆடையைவிடத் தையலைத்தான் சொல்கிறது. இந்தப் பெயர்கள் அந்தக் காலத்திலேயே ஒன்றோடொன்று குழம்பிக்கிடந்தன. ஒரே சட்டையை ஒருவர் கேம்பிசன் என்பார், இன்னொருவர் அக்கெட்டன் என்பார். இன்றைய மறுநடிப்பு வட்டாரம்தான் தன் வசதிக்கு வரிசை கட்டி, உள்ளே போடுவது அக்கெட்டன், தனியாகவோ வெளியிலோ போடுவது கேம்பிசன் என்று பிரித்து வைத்திருக்கிறது. பிரிவு பயனுள்ளதுதான், ஆனால் பழைய ஏடுகளில் அதைத் தேடினால் ஏமாறுவோம்.

துணிச்சட்டை வாளைத் தடுக்குமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு வளையங்களைக் கோத்த கவசம் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. அது துணிபோல வளைவதால், வாள் தோலைக் கிழிக்காவிட்டாலும் அடியின் வேகம் நேரே எலும்புக்குப் போய்விடும். அந்த வேகத்தைத் தின்பது பஞ்சுதான். சிலுவைப் போர்க் காலத்தில், 1191இல் அர்சூப் போருக்குமுன் ஐரோப்பியப் படை அணிவகுத்துப் போனதை, அவர்களை எதிர்த்த சுல்தான் சலாவுதீனின் உடனிருந்த பகாவுதீன் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியக் காலாட்கள் கம்பளியை அழுத்திச் செய்த தடித்த சட்டையும் வளையக் கவசமும் போட்டிருந்தார்களாம். முதுகில் பத்து அம்புவரை குத்தி நிற்க, வரிசை கலையாமல் நடந்துகொண்டே இருந்தார்களாம். எதிரி எழுதியது என்பதால் இதை நம்பலாம்.

இரும்பு வாங்க வழியில்லாதவனுக்குத் துணியே முழுக் கவசம். நான் மேலே சொன்ன 1181 சட்டம் வளையக் கவசத்தைக் காசுள்ளவர்களுக்கு விதித்தது. பதினாறு மார்க் (அந்தக் காலப் பணக்கணக்கு) உடைமை இருந்தால் முழுக் கவசம், பத்து மார்க் என்றால் சிறிய கவசம். மற்றச் சுதந்திர மனிதர்களுக்கு விதித்தது வம்பாய்ஸ், இரும்புத் தொப்பி, ஈட்டி, அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்ஸின் பதினோராம் லூயி தன் வீரர்களின் சட்டைக்கு இருபத்தைந்து முதல் முப்பது அடுக்குத் துணியும் ஒரு மான்தோலும் வேண்டும் என்றார். அதிலும் புதுத்துணியைவிட உடுத்தி இளகிய பழந்துணியே நல்லது என்று சொல்லப்பட்டது. 1483இல் லண்டனில் இருந்த இத்தாலியர் டொமினிக் மன்சினியும், சட்டை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அம்பையும் வாளையும் தாங்கும் என்று ஆங்கிலேயர் சொல்வதைக் குறித்திருக்கிறார். கடல் கடந்து மெக்சிகோ போன ஸ்பானியப் படைவீரர்களில் பலரும், அங்கே ஆண்ட அஸ்டெக்குகள் போட்டிருந்த பஞ்சுக் கவசத்தைப் பார்த்து, தங்கள் இரும்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டார்கள்.

இனி தமிழுக்கு என்ன சொல்?

கேம்பிசன் என்று எழுத்துக்கூட்டி எழுதலாம்தான். ஆனால் தமிழ் எழுத்தில் அதைப் பார்ப்பவர் கேம்ப்புக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உள்கவசம் என்று எழுதுகிறார்கள், அது பாதி தவறு. தனியாகவும் போடுவார்கள், கவசத்துக்கு மேலேயும் போடுவார்கள். பஞ்சுக்கவசம் பரவாயில்லை. ஆனால் உள்ளே எப்போதும் பஞ்சு இல்லை. ஏழைப் படைவீரனின் சட்டையில் இருந்தது சணல்கழிவு. மெத்தைச்சட்டை என்றால் உடனே புரியும், ஆனால் சிரிப்பும் சேர்ந்து வரும்.

சங்க இலக்கியம் கவசத்துக்குச் சொல் வைத்திருக்கிறது. புறநானூற்றின் 13ஆம் பாட்டில், அம்புகள் கிழித்த புலிநிறக் கவசத்தோடு யானைமேல் வரும் சோழனை முடமோசியார் காட்டுகிறார். பதிற்றுப்பத்தில் சேரனை ‘சான்றோர் மெய்ம்மறை’ என்பார்கள். வீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று பொருள். உடம்பை மறைப்பது மெய்ம்மறை. வளையக் கவசமும் தகட்டுக் கவசமும் இதற்குள் அழகாக அடங்கும். ஆனால் கேம்பிசன் தைத்த துணியாயிற்றே, அதற்கு மெய்ம்மறை கொஞ்சம் விறைப்பு.

எனக்குப் பிடித்த சொல் முல்லைப்பாட்டில் இருக்கிறது. அரசனின் பாசறையில் காவல் நிற்கும் யவனர்களைச் சொல்லும் இடம்: ‘மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்’. மெய்ப்பை என்றால் சட்டை. உடம்புக்கு ஒரு பை. பார்த்தால் பயம் வரும் அந்நிய வீரர்கள் சட்டைக்குள் புகுந்து நிற்கிறார்கள். ‘உடுத்த’ என்றோ ‘அணிந்த’ என்றோ சொல்லாமல் ‘புக்க’ என்று போட்டிருக்கிறார் புலவர். கேம்பிசனை ஒருமுறை தலைவழியாக மாட்டிப் பார்த்தவருக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் தெரியும். அதை அணிய முடியாது, உள்ளே புக வேண்டும். அந்த யவனர் போட்டது பஞ்சு வைத்த சட்டை என்று பாட்டு சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லை மட்டும்தான் கடன் வாங்குகிறேன்.

மெய்ப்பையில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. தமிழில் இரைப்பை, கருப்பை என்று வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பை என்றே சொல்கிறோம். வம்பா என்ற வேர் ஒரு கிளையில் வயிறாகவும் ஒரு கிளையில் கருப்பையாகவும் ஒரு கிளையில் சட்டையாகவும் போனது. இங்கே பை என்ற ஒரே சொல் இரைப்பையிலும் கருப்பையிலும் மெய்ப்பையிலும் உட்கார்ந்திருக்கிறது. இரு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான். என்றாலும் மொழிபெயர்ப்பவருக்கு இப்படி ஒரு தற்செயல் கிடைப்பது அரிது.

வெறும் மெய்ப்பை என்றால் எந்தச் சட்டையும் ஆகலாம் என்பதால் முன்னால் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. பஞ்சோ கம்பளியோ சணலோ உள்ளே திணித்தது என்றால் திணிமெய்ப்பை. பதினோராம் லூயி கேட்டது போலத் துணியை மேலுக்கு மேல் வைத்துத் தைத்தது என்றால் அடுக்குமெய்ப்பை. ஆங்கிலத்தில் அதற்கு ஜேக் என்று தனிப்பெயரே உண்டு. ஜூப்பனுக்கு நான் புதுச்சொல் தேடமாட்டேன். போர் ஜிப்பா என்று எழுதினால் வரலாறும் சரி, வாசகருக்கும் புரியும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் முழுமையானபின், தடித்த பஞ்சுக்கு உள்ளே இடமில்லாமல் போயிற்று. பதிலுக்கு உடம்பை ஒட்டிய மெல்லிய சட்டை வந்தது. அதன் தோளிலும் கையிலும் மெழுகு பூசிய கயிறுகள் தொங்கும், தகடுகளை அதில்தான் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். ஆங்கிலத்தில் ஆர்மிங் டப்லெட். இதை இப்போதைக்குக் கட்டுச்சட்டை என்று எழுதிவருகிறேன். மனசு முழுக்க ஒப்பவில்லை.