லாரித் தட்டிலிருந்து தரைக்கு ஒரு மீட்டர்

போனில் இந்தக் கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். "ஆன்டெனா டவர் லாரியில வந்து இறங்கப்போகுது. நாலு பேரைச் சொல்லிவைச்சிருக்கேன், போதுமா அண்ணே?" எடை எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் பதில் வரும்: "நாலு பேர் தூக்குற அளவுதான் இருக்கும்."

எடையைக் கேட்டால் ஆள் கணக்குச் சொல்கிறார்கள்.

கனமான பொருள்களை ஏற்றி இறக்கி நகர்த்துவது என் தொழில். ரிக்கிங் என்று இப்போது சொல்கிறோம்; பழைய ஆட்களுக்கு அது கலாசி வேலை. டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், அச்சு இயந்திரம் என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே வானொலியில் பேசுபவர்கள்) சிலர் பழக்கமானதால், வீட்டு வாசலில் வந்திறங்கும் ஆன்டெனா டவர்களையும் கையாள நேர்ந்தது. இவர்கள் கவனமான மனிதர்கள். உயரத்தில் ஏற பெல்ட், தலைக்கவசம், இடி மின்னலுக்கு எர்த் எல்லாம் மாதக்கணக்கில் யோசித்து வாங்கி வைத்திருப்பார்கள். லாரி வந்து நின்றதும் மட்டும் செருப்புக் காலோடு ஓடிவருவார்கள். டவர் வேலையில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை லாரிப் பக்கத்திலேயே நடந்தவை.

டவர் என்ற ஒரே சொல்லுக்குள் ரொம்ப வேறுபட்ட சாமான்கள் இருக்கின்றன. இழுகம்பி கட்டி நிறுத்தும் முக்கோண டவரில் 3 மீட்டர் துண்டு ஒன்று, ஒரு பக்கம் சுமார் 30 சென்டிமீட்டர் அகலம் உள்ளதாக இருந்தால், ஏறக்குறைய 18 கிலோ வரும். ஒருவரே தோளில் போட்டுக்கொண்டு போகலாம். விஞ்ச் (வயர்ரோப்பைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்து மேலே நீட்டும் டவரின் கதை வேறு. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று துண்டுகள் செருகியிருக்கும்; நீட்டினால் 55 அடி, மடக்கினால் 22 அடி. இந்த அளவில் 300 கிலோவை எதிர்பாருங்கள். இன்னும் பெரியவை அரை டன்னைத் தொடும். இதைப் பிரித்து இறக்கவும் முடியாது, முழுசாகத்தான் வரும்.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் (NIOSH) அமைப்பு கையால் தூக்கும் வேலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் வசதியாக அமைந்த நிலையில்கூட ஒருவருக்கு 23 கிலோதான் வரம்பு என்பது அதன் தொடக்கப் புள்ளி. 300 கிலோவை நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75. அதுவும் சமமாகப் பிரியாது. அடித்தட்டு, விஞ்ச், கனமான குழாய் எல்லாம் கீழ்முனையில் இருப்பதால் அந்தப் பக்கம் பிடிப்பவருக்கு நூற்றுக்கு மேல் போகும். ஒருவருக்குக் கால் சறுக்கினால் அவர் பங்கும் மற்றவர்கள் மேல் ஒரே நொடியில் ஏறும்.

தயாரித்தவரின் கையேடு இருந்தால் எடையை அதில் பாருங்கள். பழைய டவர் என்றால் அளந்து கணக்குப் போடலாம். இரும்பு ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. 50 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ. 6 மீட்டர் நீளத்தில் மூன்று கால் என்றால் அதுவே 63 கிலோ. குறுக்குக் கம்பிகளைத் தனியாக அளந்து கூட்ட வேண்டும். பழைய டவரில் இன்னொன்றும் பார்க்கணும். காலின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைத்துப்போயிருந்தால் குழாய்க்குள் நீர் நிற்கும். மேலே சொன்ன குழாய்க்குள் முழுக்க நீர் நின்றால் ஒரு காலுக்கே 9 கிலோ. சாய்க்கும்போது அது ஒரு முனைக்கு ஓடி, போட்ட பேலன்ஸ் மாறிவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நீர் நிற்கும் இடத்தில் சத்தம் மந்தமாகும். அங்கே உள்பக்கம் துருவும் பிடித்திருக்கும் என்பது உபரித் தகவல்.

சரி, லாரி வந்துவிட்டது. சுமையைக் கட்டியிருக்கும் பெல்ட்டில் கை வைக்குமுன் மேலே பாருங்கள். மின்கம்பி போகிறதா? 22 அடி இரும்பை, திருப்ப இடமில்லை என்று முனையில் நிமிர்த்தி நிறுத்தும் புத்திசாலி எங்கும் ஒருவர் இருப்பார். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிகளிலிருந்து கிரேனையும் சுமையையும் 10 அடி தள்ளியிருக்கச் சொல்கிறது. உங்கள் மின்வாரியம் சொல்லும் தூரம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டிரெய்லரில் வந்திருந்தால், சுமை முழுவதும் இறங்கும் வரை இழுத்துவந்த வண்டியிலிருந்து கழற்றவே கூடாது. கழற்றிய டிரெய்லரில் பின்பக்கம் எடை கூடினால் முன்னால் உள்ள கொக்கித்தண்டு ஆளின் தாடை உயரத்துக்கு எகிறும்.

இனி கடைசி பெல்ட். சுமை சும்மா உட்கார்ந்திருக்கிறதா, பெல்ட்டில் சாய்ந்து நிற்கிறதா என்பது அதை அவிழ்க்கும் வரை வெளியே தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் ஆப்பு கொடுத்து, ஒரு கயிற்றைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிவைத்த பிறகுதான் ராட்செட்டை, அதாவது பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரப் பூட்டைத் தொடுவேன். ஒவ்வொரு பல்லாக விட வேண்டும். டவர் உருள வாய்ப்புள்ள பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது, முனைப்பக்கம் நில்லுங்கள்.

என் இடது கை மோதிர விரலின் நுனி கொஞ்சம் தட்டையாக இருக்கும். இந்த மாதிரி நீளும் டவர் ஒன்றைச் சரிவில் நின்ற லாரியிலிருந்து இறக்கும்போது நடந்தது. நிமிர்ந்து நிற்கும்போது உள்துண்டுகளைத் தாங்குவது விஞ்சின் வயர்ரோப். படுக்கப் போட்டால் அந்த ரோப்பில் இழுவையே இருக்காது. உள்துண்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. துண்டுகளைச் சேர்த்துப் பூட்டும் போல்ட்டை ஏற்றும் இடத்தில் யாரோ கழற்றியிருந்தார்கள், நானும் பார்க்கவில்லை. நல்ல பிடிமானம் என்று குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே விரலை நுழைத்திருந்தேன். உள்துண்டு ஒரு சாண் நகர்ந்தது, அவ்வளவுதான். வெளிக்கம்பியும் உள்கம்பியும் ஒன்றையொன்று தாண்டும்போது கத்தரிக்கோல் மாதிரி ஆகிவிடுகின்றன. தோல் கையுறை நடுவில் மாட்டிக்கொண்டதால் விரல் மிஞ்சியது. கையுறையைக் கழற்றாமலே மருத்துவமனைக்குப் போனேன், உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து டவரைத் தொடுமுன் உள்துண்டுகளை இரண்டு முனையிலும் சங்கிலியோ பெல்ட்டோ போட்டு வெளித்துண்டோடு சேர்த்து இறுக்குவதுதான் முதல் வேலை. பிடிப்பதென்றால் கால்குழாயை வெளிப்புறமாகப் பிடிக்க வேண்டும். மோதிரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கம்பி முனையில் மோதிரம் மாட்டி, கை கீழே இழுபட்டால், விரலின் தோல் உறை மாதிரிக் கழன்று வரும். அன்று நல்லவேளையாக நான் மோதிரம் போட்டிருக்கவில்லை.

இறக்கும் முறைக்கு வருவோம். பணம் கொடுக்க முடிந்தால் கிரேன் பொருத்திய லாரியிலேயே வரவழையுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கேயும் ஸ்லிங்கின் (சுமையைக் கிரேன் கொக்கியில் மாட்டும் கயிறு) கோணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் 300 கிலோ டவருக்கு ஒவ்வொரு காலிலும் 173 கிலோ இழுவை. குட்டை ஸ்லிங்கைப் போட்டு அது 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 300 கிலோ. மெல்லிய குறுக்குக் கம்பியில் ஸ்லிங் மாட்டினால் கம்பி வளையும்; கால்குழாயில், குறுக்குக் கம்பி வந்து சேரும் இடத்தை ஒட்டி மாட்டுங்கள்.

கிரேன் கிடைக்காத இடத்தில் சறுக்கிவிடலாம். லாரித் தட்டு ஒரு மீட்டர் உயரம் என்றால் 4 மீட்டர் நீள உறுதியான மரச்சட்டம் இரண்டைச் சாய்த்து வைத்து, மேலே நன்றாகக் கட்டி, அதன்மேல் டவரை விடுவது. 300 கிலோ அந்தச் சரிவில் 75 கிலோவாகத்தான் கீழே இழுக்கும், உராய்வு அதையும் குறைக்கும். லாரியின் முன்பக்கத்தில் அசையாத ஒரு தூணில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுப் போட்டால் ஒரே ஆள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சட்டங்களுக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக்கூடாது. மரத்தில் கிரீஸ் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு அது இல்லாமலே நன்றாக வழுக்கும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. டவரின் பாதிக்கு மேல் பின்னால் வெளியே வரும்போது அது பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரி ஆகிவிடும். தட்டின் விளிம்பை எடை மையம் தாண்டிய அந்தக் கணத்தில் வெளிமுனை கீழே குத்தும், லாரிக்குள் இருக்கும் முனை மேலே எகிறும். உள்ளே குனிந்து தள்ளிக்கொண்டிருப்பவர் முகம் அங்கேதான் இருக்கும். எடை மையம் நீளத்தின் நடுவில் இருக்காது. விஞ்ச் உள்ள பக்கம் தள்ளியிருக்கும். லாரியில் இருக்கும்போதே அடியில் ஒரு குழாயைக் கொடுத்து, எங்கே இரண்டு முனையும் லேசாக ஆடுகின்றன என்று பார்த்து, அங்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு விளிம்புக்கு வருமுன் வெளிமுனைக்கு அடியில் சட்டமோ ஸ்டாண்டோ வந்திருக்க வேண்டும்.

நேரம் இருந்தால் எனக்குப் பிடித்தது கட்டை அடுக்கு முறை. டவரின் இரண்டு முனையையும் குறுக்கு நெடுக்காக அடுக்கிய கட்டைகளில் உட்காரவைத்து, லாரியை அடியிலிருந்து ஓட்டிப்போகச் சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு முனைக்கு ஜாக்கி கொடுத்து, ஒரு வரிசைக் கட்டையை உருவி, இறக்கி, அடுத்த முனைக்குப் போக வேண்டும். ஒரு தடவைக்கு 5 சென்டிமீட்டர். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பாதுகாப்பு ஷூவின் முன்மூடி தாங்கும் தர அளவு 200 ஜூல், அதாவது 20 கிலோ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. 150 கிலோ முனை லாரித் தட்டு உயரத்திலிருந்து விழுந்தால் 1,500 ஜூல் ஆகிறது. 5 சென்டிமீட்டர் விழுந்தால் 75-க்குள். முன்மூடி விரல்களை மட்டுமே மூடுகிறது, புறங்காலை அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு வந்த பிறகு பின்கட்டுக்குக் கொண்டுபோகணும். அதற்கும் தூக்க வேண்டியதில்லை. பெயின்ட் கோடு போட்ட இடத்துக்கு அடியில் ஒரு பழைய அச்சும் இரண்டு சக்கரமும் கட்டி, கைப்பிடி முனை கொஞ்சமே கொஞ்சம் கனமாக இருக்கும்படி வைத்தால் சமதரையில் ஒருவர் தள்ளலாம், ஒருவர் வழிகாட்டலாம். மண் இளகலாக இருந்தால் பிளைவுட் போடுங்கள். உருளைக் குழாய் வைத்தும் ஓட்டலாம். பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் வைப்பவர் விரலை வளைத்துப் பிடிக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளிவைக்க வேண்டும். குழாயின் கோணத்தைச் சுத்தியலால் தட்டித் திருப்புங்கள், காலால் உதைத்து அல்ல. இறக்கமான இடத்தில் பின்னால் ஒரு கயிறு இல்லாமல் நகரவே கூடாது.

சின்னத் துண்டுகளை இரண்டு பேர் சுமப்பதானால் இருவரும் ஒரே பக்கத் தோளில் வையுங்கள். இல்லையென்றால் இறக்கிப்போடும்போது ஒருவர் வலது பக்கமும் மற்றவர் இடது பக்கமும் விடுவார்கள், நடுவில் யாருடைய கழுத்தோ மாட்டும். 'தூக்கு', 'விடு' என்று சொல்ல ஒரே குரல். 'நில்' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும்.

உதவிக்கு வருகிறவர்களில் எனக்குப் பயம் தருபவர் பலசாலி. டவர் சரியும்போது பாய்ந்து பிடிப்பவர் அவர்தான். வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிடுவேன்: விழுந்தால் விழட்டும், யாரும் பிடிக்கக்கூடாது, விலகி ஓட எந்தப் பக்கம் என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

விழுந்துவிட்டால் டவரின் கால்குழாயை நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்து வளைவு இருக்கிறதா என்று சோதியுங்கள். வளைந்த காலைக் கேஸ் விளக்கால் சூடேற்றி நிமிர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். துத்தநாகப் பூச்சும் போகும், அந்த இடத்தின் பலத்தையும் நம்ப முடியாது. அந்தத் துண்டு பழைய இரும்புக்குத்தான்.

அடித்தளக் கான்கிரீட் தயாராகும் வரை டவர் சில வாரம் கிடக்கும். மண்ணில் படாமல் கட்டைமேல், தண்ணீர் வடிய ஒரு முனையைத் தாழ்த்தி, படுக்கையாகவே வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பிள்ளைகள் ஏறுவார்கள். அப்புறம் நிமிர்த்தும் நாளில், போட்ட சங்கிலியைக் கழற்றுமுன், டார்ச் அடித்து வயர்ரோப்பை முழு நீளத்துக்கும் பாருங்கள். வழியில் தளர்ந்து கிடந்த ரோப் பெரும்பாலும் ஏதாவது ஒரு கப்பியின் பள்ளத்திலிருந்து வெளியே வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், விஞ்ச் டிரம்மிலும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறியிருக்கும். அதை ஒழுங்காகச் சுற்றிய பிறகு கைப்பிடியைத் தொடலாம்.