வினிகர் காட்டும் வெள்ளை

பஞ்சை வினிகரில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுத்துவிட்டு, நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம். சமையலுக்கு வாங்கும் வினிகரின் வீரியம்தான், 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம். இளஞ்சிவப்பாக இருக்கும் பரப்பில் ஓர் இடம் மட்டும் சுண்ணாம்பு தீற்றியது போல வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரிந்தால், அங்கே செல்கள் புற்றுநோயை நோக்கித் தடம் மாறத் தொடங்கியிருக்கலாம்.

ஏன் வெளுக்கிறது? சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பது போல, அமிலம் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் புரதம் திரைகிறது. கோளாறான செல்களில் உட்கரு பெரிது. செல்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். திரைவதற்குப் புரதம் அதிகம். விழும் வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பிவிடுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. சில நிமிடங்களில் தானாகவே மறைந்தும்விடும். வெறும் அழற்சிகூட இப்படி வெளுக்கும் என்பதால், பார்ப்பவரின் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலான பெண்களின் உடம்பு இரண்டு வருடத்துக்குள் அதை விரட்டிவிடுகிறது. தங்கிவிட்டாலும் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். காலம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் வேறு. “அடுத்த வாரம் ரிசல்ட் வாங்க வாங்கம்மா” என்றால் பலர் வருவதில்லை. களையெடுப்பு இருக்கும், பஸ் இருக்காது, ‘எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே’ என்ற நினைப்பு வேறு.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வு இந்த இடத்தில்தான் கைவைத்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினரும், அம்பிளிக்கையில் உள்ள சமுதாய நல மையத்தினரும் சேர்ந்து நடத்தியது. பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுக்குட்பட்ட சுமார் 31,000 பெண்களைப் பரிசோதித்தார்கள். வெள்ளை தெரிந்தவர்களுக்கு உருப்பெருக்கியால் பார்த்து, திசுத் துணுக்கு எடுத்து, பொருத்தமானவர்களுக்கு அன்றே சிகிச்சையையும் முடித்தார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு, மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைக்கு இது பெரிய பலன் என்றுதான் சொல்வேன்.

அந்தச் சிகிச்சை, உறைய வைப்பது. சிலிண்டரில் அழுத்தி அடைத்த வாயு சின்னத் துளை வழியே சீறி விரியும்போது கடுமையாகக் குளிரும். தீயணைப்புச் சிலிண்டரைத் திறந்தால் அதன் குழாய் முனையில் வெண்பனி படியுமே, அதே சங்கதி. அந்தக் குளிர் ஏறிய உலோக முனையைக் கர்ப்பப்பை வாயில் பொருத்தியதும் சுற்றிலும் பனிக்கட்டி பரவுகிறது. மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் உருகவிட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறைய வைப்பார்கள். ஏன் இரண்டு தடவை? முதல் உறைவில் செல்லுக்குள் பனிப்படிகங்கள் உருவாகிச் சவ்வைக் கிழிக்கின்றன. உருகும்போது நீர் உள்ளே புகுந்து செல் வீங்கி வெடிக்கிறது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால், இரண்டாவது தடவை குளிர் இன்னும் ஆழமாக இறங்கும். பனிக்கட்டியின் விளிம்பில் வெப்பநிலை பூஜ்யம்தான்; அங்கே செல் பிழைத்துவிடும். மைனஸ் 20 டிகிரி எட்டிய இடம்தான் நிச்சயமாகச் சாகும். அதனால் வெள்ளைப் பகுதியைத் தாண்டியும் பனி பரவ வேண்டும். கர்ப்பப்பை வாயின் வெளிப்பரப்பில் வலி நரம்புகள் குறைவு. மயக்க மருந்து தேவைப்படுவதில்லை, மாதவிலக்கு வலி போல ஓர் இழுப்பு இருக்கும். வெள்ளைப் பகுதி மிகப் பெரிதாக இருந்தாலோ, கர்ப்பப்பைக்குள் போகும் பாதையில் நுழைந்திருந்தாலோ இந்த வழி உதவாது.

எல்லாம் சரி, அந்தச் சிலிண்டரை யார் தூக்குவது? கனமானது, வாயு தீர்ந்துவிட்டால் முகாமே படுத்துவிடும். இப்போது வெப்பச் சிகிச்சை அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் கைக்கருவி, முனையில் சுமார் 100 டிகிரி சூடு, ஒரு தடவை வைத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியின் மகளிர் மருத்துவர் கர்ட் செம் உருவாக்கிய இந்த முறைக்கு முதலில் இருந்த பெயரில் ‘குளிர்’ என்ற சொல் உண்டு. அதைவிடப் பல மடங்கு சூட்டில் திசுவைக் கருக்கும் கருவிகளுக்குப் பக்கத்தில் 100 டிகிரி குளிர்ச்சிதானே!

சிகிச்சைக்கு அப்புறம் சில வாரங்களுக்கு நீர் போல வடியும். அது நிற்கும்வரை தாம்பத்தியம் கூடாது என்பார்கள். ஒரு வருடம் கழித்து, மறுபடியும் ஒரு பரிசோதனை.