‘வீடற்றவர்’ என்றால் யார்?

ஒக்டோபர் 10 உலக வீடற்றோர் தினம். அதை வைத்து இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீதி நாடகம் போட எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆயத்தமானார்கள். தப்பு மேளம் கிடைத்துவிட்டது, தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் ஆடிப் பழகிய இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள், துணியும் பெயின்டும்கூட வந்துவிட்டன, ஆனால் பதாகையில் என்ன சொல்லை எழுதுவது என்பதில் ஒரு மாலை முழுக்கச் சண்டை. ‘ஹோம்லெஸ்’ என்று அப்படியே எழுதலாம் என்றார் ஒருவர். ‘அநாதைகள்’ என்றார் இன்னொருவர். ‘யாசகர்’ என்றும் ஒரு குரல் வந்தது. என்னிடம் கேட்டார்கள். இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

முதலில் அந்த இரண்டு சொற்களையும் தள்ளிவிடுவோம். அநாதை என்றால் நாதன் இல்லாதவர், கேட்க ஆளில்லாதவர். யாசகர் என்றால் இரந்து பிழைப்பவர். டவுனில் ஒரு கடை விறாந்தையில் படுக்கிற ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். பகலில் நாட்டாமி வேலை, மூட்டை தூக்குவார். விடியற்காலையில் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்குமுன் தன் உரச்சாக்கை நான்காக மடித்து, படுத்த இடத்தைக் கையாலேயே கூட்டிவிட்டுத்தான் போவார். அவருக்கு அக்கா இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அவரிடம் இல்லாதது வீடு ஒன்றுதான், அதை மட்டும் சொல்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

சரி, வீடு என்ற சொல் எங்கிருந்து வந்தது? விடு என்ற வினையிலிருந்து. படு பாடு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல, விடு வீடு ஆகிறது. விடுதலை, விடுபடுதல் எல்லாம் இதே வேர்தான். அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது வீடு என்றால் முத்தி. வேலையை விட்டு, சுமையை இறக்கி இளைப்பாறுகிற இடம் என்ற பொருளில்தான் குடியிருக்கும் இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்று விளக்குவார்கள், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அப்படிப் பார்த்தால் வீடற்றவர் என்பவர் சுமையை இறக்கி வைக்க இடமில்லாதவர். பழைய சொல் இல். இல்லம், இல்லறம், இல்லாள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்மையைச் சொல்கிற இல்லும் அதே ஒலிதான், இல்லை என்பதன் வேர் அது. இன்மையைச் சொல்கிற அந்த ‘இல்’ என்பதை வைத்துத்தான் ஏதிலி என்பதுபோல வீடிலி என்றும் எழுதுகிறார்கள். சுருக்கமான சொல்தான், கவிதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு மனிதரை நிரந்தரமாக அந்த ஒரே பெயருக்குள் பூட்டிவிடுகிறது. வீடில்லாதவர் என்றால் இன்று இல்லை, நாளைக்குக் கிடைக்கலாம் என்ற இடைவெளி இருக்கிறது. நாடகத்தில் வாயில் வருவதும் இதுதான்.

லண்டனில் 1991இல் தொடங்கிய ‘தி பிக் இஷ்யூ’ பத்திரிகையை வீதியில் நின்று விற்பவர்கள் வீடில்லாமலும் வறுமையிலும் தவிக்கிறவர்கள். பிரதிகளை அவர்களே காசு கொடுத்து வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று இலாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் விற்பனையாளர். இங்கே சட்டம் வைத்த பெயர் வேறு. 1841இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த, அலைந்து திரிவோருக்கு எதிரான கட்டளைச் சட்டத்தின்படி, பிழைக்க வழி காட்ட முடியாத ஒருவர் இன்னொருவரின் விறாந்தையில் அனுமதியில்லாமல் தங்குவதே குற்றம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒத்திகைக்கு நடுவில் ஒரு பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரிடம், “ஒங்களுக்கு வீடு இருக்குதானே?” என்று கேட்டது. அவர் யோசிக்கவே இல்லை. “காம்பரா இருக்கு பிள்ள” என்றார்.

அந்தப் பதிலை விட்டு என்னால் நகர முடியவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளுக்கு லயம் என்று பெயர், அதில் ஓர் அறைதான் காம்பரா. லயம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாளத்தோடு சேர்ந்த லயத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, குதிரை கட்டுகிற லாயத்திலிருந்து வந்தது என்பதும் மனக்குமுறலில் சொல்வது, வரலாறு அல்ல. ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் ‘லைன்’தான் லயன் ஆகி, நம் வாயில் லயம் ஆனது. சிப்பாய்கள் தங்கிய வரிசைக் கொட்டில்களையும் பிரிட்டிஷார் லைன் என்றுதான் சொன்னார்கள். காம்பரா போர்த்துக்கேயரின் ‘காமரா’, அறை. முன்னால் இருக்கிற சிறு விறாந்தையான இஸ்தோப்பு ஒல்லாந்தரின் ‘ஸ்தூப்’. நாட்டை ஆண்ட மூன்று பேரின் சொற்களும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் கிடக்கின்றன, வீடு என்ற சொல் மட்டும் அங்கே இல்லை. இத்தனைக்கும் மலையகம் என்ற பெயரிலேயே அகம் இருக்கிறது, அகம் என்றாலும் வீடுதான்.

அந்த அம்மா சொன்னது துல்லியம். கதவுக்கு நம்பர் உண்டு, உறுதிப் பத்திரம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும், அங்கிருந்து கைக்கு வர எத்தனை நாளாகும் என்பது பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குத் தெரியும். காம்பராவில் இருக்கும் உரிமை தோட்ட வேலையோடு கட்டப்பட்டது. 1970களில் காணிச் சீர்திருத்தத்தோடு பல தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கண்டி வீதிகளில் கையேந்தி நின்றதை எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. லயத்துக்கும் கடை விறாந்தைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்தான் இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனவையும் லயங்களே.

வீடில்லாமையை வீதியில் படுப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையில் உழைக்கிற ஐரோப்பிய அமைப்புகளின் கூட்டமைப்பு 2005இல் தந்த வகைப்பாட்டில் நான்கு நிலைகள் உண்டு: கூரையே இல்லாமை, கூரை இருந்தும் வீடு இல்லாமை, எப்போது வேண்டுமானாலும் பறிபோகக்கூடிய குடியிருப்பு, குடியிருக்கத் தகாத குடியிருப்பு. கடை விறாந்தைக்காரர் முதலாவதில் வருகிறார். லயத்தை எந்த இடத்தில் வைப்பது என்று நான் சொல்லவா வேண்டும்?

அந்த மூன்றாவது நிலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்தது. உடம்புக்குள் உயிர் இருப்பதைப் பற்றிப் பேசுகிற 340ஆம் குறளில் புக்கில், துச்சில் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. புக்கில் என்றால் புகுந்தபின் வெளியேற வேண்டாத நிலையான வீடு. துச்சில் என்றால் ஒதுங்கியிருக்கும் இடம், தற்காலிக ஒதுக்கிடம். வள்ளுவர் உயிருக்குச் சொன்னதை நான் லயத்துக்கு இழுப்பது சிலருக்கு ஒப்பாமல் போகலாம், ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒதுக்கிடத்திலேயே வைத்திருப்பதைச் சொல்ல இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. லயத்தைத் ‘தொடர் குடியிருப்பு’ என்று அலுவலக மொழியில் எழுதும்போது அந்த வலி காணாமல் போய்விடுகிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். பதாகையில் ‘வீடில்லாதவர்’ என்று எழுதுங்கள், கட்டுரை எழுதினால் ‘வீடற்றோர்’ என்று எழுதலாம், நிலைமையைச் சொல்ல ‘வீடின்மை’. லயத்தை லயம் என்றே சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம். அப்புறம், கடை விறாந்தைக் காட்சிக்கு அடுத்து காம்பராக் காட்சி ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். அதில் வசனம் ஒன்றே ஒன்று, அந்த அம்மாவிடம் கேட்டு அனுமதி வாங்கியது.