அனஸ்தீசியா: உணர்வகற்றல்

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், "மயக்க டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் வாங்கணும்" என்பார்கள். அந்த மயக்கம்தான் அனஸ்தீசியா.

கிரேக்கத்தில் 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்தல். முன்னொட்டான 'அன்' இன்மையைச் சுட்டும். 1846 அக்டோபரில் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார். அடுத்த மாதமே அந்நிலைக்கு இந்தப் பழைய சொல்லைப் பெயராக வைக்கச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதினார் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்.

தமிழில் மயக்கம் என்பதற்குக் கலத்தல் என்றும் பொருள் உண்டு: திணைமயக்கம், மெய்ம்மயக்கம். பேச்சில் அது தலைசுற்றல் அல்லது நினைவிழப்பு. ஆனால் முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகுமே தவிர, நோயாளி விழித்தே இருக்கலாம். அதுவும் அனஸ்தீசியாதான். எனவே உணர்வகற்றல் என்பதே பொருந்தும். நினைவும் போவதை மட்டும் முழு மயக்கம் எனலாம். துறைப்பெயரான மயக்கவியல் ஊன்றிவிட்டது, சரி, இருக்கட்டும்.

கல்லீரலும் நுரையீரலும் சேர்ந்து கெட்டவருக்கு எந்த வகை என்பது பெரிய கேள்வி. முழு மயக்க மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் சிதைக்கிறது. அது சுருங்கிப்போனால் மருந்தின் வேகம் நீடிக்கலாம். தசையைத் தளர்த்தும் அட்ராகூரியம் பெரும்பாலும் கல்லீரலை நம்பாமல் இரத்தத்திலேயே சிதைவதால் இங்கே கைகொடுக்கும். செவோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகள் பெரும்பாலும் மூச்சு வழியே வெளியேறும். அதற்கு நுரையீரல் ஒத்துழைக்க வேண்டும்.

அப்போ முதுகு ஊசியே போட்டுவிடலாமே என்று தோன்றும். இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் கல்லீரலில்தான் உருவாகின்றன. அவை குறைந்தால் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உண்டு. அதனால்தான் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும், உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் முதலில் கேட்கிறார்கள். அலைக்கழிப்பதற்காக இல்லை.

இன்னொன்று, ஹெபடோபல்மனரி சிண்ட்ரோம். தமிழில் ஈரல்-நுரையீரல் நோய்க்கூட்டு எனலாம். கல்லீரல் நோயால் நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து, இரத்தம் போதிய ஆக்சிஜனை ஏற்காமலே கடந்துவிடும். சிலருக்கு உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் தணியும். வயிற்றில் நீர் கோத்தவருக்குப் பெரும்பாலும் நேர்மாறு: படுத்தால்தான் திணறும். ஃபிட்னஸுக்குப் போகும்போது 'மூச்சு வாங்குது' என்பதோடு நிறுத்தாமல், உட்கார்ந்தாலா படுத்தாலா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.