வாசல்படி மண்ணுக்குள் போகும் முன்

செட்டிநாட்டு வீட்டைச் சீரமைக்க அழைப்பவர்கள் பெரும்பாலும் கூரையைத்தான் முதலில் காட்டுவார்கள். ஓடு சரிந்துவிட்டது, மரத்தில் கரையான் ஏறிவிட்டது என்பார்கள். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளனாக நான் முதலில் பார்ப்பது வாசலுக்கு வெளியே கிடக்கும் தெருவை. வீடு கட்டிய காலத்தில் தெரு எந்த மட்டத்தில் இருந்தது, இன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், சுவரில் உள்ள கோளாறு பாதி புரிந்துவிடும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற ஐந்து படிகள் இருந்ததாக வீட்டு ஆச்சி சொன்னார். இப்போது வெளியே தெரிபவை இரண்டு. மற்ற மூன்றும் தார்ச்சாலைக்கு அடியில். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை, அதன்மேல் மற்றொன்று என்று போட்டுக்கொண்டே வந்ததன் விளைவு அது.

இதை ஒரு வீட்டின் கஷ்டம் என்று விட்டுவிட முடியாது. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், ஆத்தங்குடி என்று இந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமியில், விழும் மழையைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டவை. நேர்கோட்டில் ஓடும் தெருக்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். ஓட்டில் விழும் நீர் வளவு என்னும் உள்கட்டின் முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம், தரைக்கடியில் செல்லும் கால்வாய் வழியே தெருவோர வடிகாலுக்குப் போகும். வடிகால் வரத்துக்காலில் சேரும். வரத்துக்கால் ஊர்க்குளமான ஊரணியை நிரப்பும். ஊரணி நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறும். முற்றம் தொடங்கி ஊரணிவரை ஒவ்வொன்றும் அடுத்ததைவிடச் சற்று உயரம். இந்தச் சரிவுதான் செட்டிநாட்டு நகரமைப்பின் உயிர். தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் வியந்து படம் எடுப்பவர்களின் கண்ணில் இது படுவதே இல்லை.

தெரு உயர்ந்தால் சரிவு தலைகீழாகிறது. முற்றத்து நீர் வெளியேற வழியின்றி அடித்தளத்தில் தங்குகிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். உடனே சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேலே வந்து, முட்டை வெண்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த பழைய பூச்சையும் உரித்துவிடும். முதலில் நீர் வெளியேற வழி திறக்க வேண்டும், சுவர் காய வேண்டும், அதன்பிறகு சுண்ணாம்பு. அவசரப்பட்டால் பணம்தான் வீண்.

இந்த ஊர்கள் காலியானது தனிக்கதை. நகரத்தார் தொழில் செய்து நிலமும் வைத்திருந்த பர்மாவை 1942-இல் ஜப்பான் பிடித்தது, பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையானது என்று அடிமேல் அடி விழுந்தது. பராமரிக்க ஆளும் பணமும் குறைந்தபோது பல வீடுகளைப் பிரித்து மரத்தை விற்றார்கள். பிழைக்க வழி தேடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பாடுபட்டு வீட்டைக் காக்கும் குடும்பங்கள்கூடத் தெருவை இழந்துகொண்டிருப்பதைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை.

2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோது, தனித்தனி மாளிகைகளாக அல்ல, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகளாகவே சேர்ந்தது. அதாவது தெருவும் ஊரணியும் சேர்ந்ததுதான் மரபு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. இனி சாலையும் வடிகாலும் வேகமாக வரும், வரவும் வேண்டும். தார்ச்சாலை இல்லாத காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போட வேண்டும் என்று தமிழக அரசே 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பாகப்பிரிவினை செய்யும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அறைகளைப் பங்கு போடுங்கள். முற்றத்தையும் நீர் வெளியேறும் கால்வாயையும் பொதுவிலேயே வையுங்கள், அதைப் பத்திரத்திலும் எழுதுங்கள். ஒரு பங்காளி தன் பகுதிக் கால்வாயைக் கான்கிரீட்டால் மூடினால் எல்லோர் சுவரிலும் ஈரம் ஏறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓடு மாற்றவும் கால்வாய் தூர்வாரவும் ஒரு பொதுநிதி இருந்தால் பெரிய செலவு வராது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது, வாசல்படியின் உயரத்தை அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஊரணியின் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று ஊரில் மூத்தவர்களோடு நடந்து பார்த்து வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி போன்ற ஊராட்சிகளில் அதைக் கிராம சபையில் மனுவோடு கொடுக்கலாம். பேரூராட்சியிலும் மாநகராட்சியிலும் வார்டு உறுப்பினரிடமும் பொறியாளரிடமும் கொடுங்கள். சாலைக்கு மதிப்பீடு தயாராவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சுரண்டி எடுக்கும் செலவு மதிப்பீட்டில் இல்லையென்றால், தார் வந்து இறங்கிய நாளில் எந்த ஒப்பந்தக்காரரும் அதைச் செய்து தர மாட்டார்.