வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகை: பெண்களுக்கு 30 சதவீத இடம்

பெண் வெளிநாட்டில் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள் என்றதும் வீட்டில் வங்கிக் கடன், அடமானம் என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் இந்தத் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பெயர், தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. நடத்துவது ஒன்றிய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம். முதுநிலைப் படிப்புக்கும் பிஎச்டிக்கும் மட்டும்தான். பி.ஏ., பி.இ. படிக்கக் கிடைக்காது.

ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6. நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு 4. பட்டியல் பழங்குடியினருக்கு வேறொரு அமைச்சகம் 20 இடங்களோடு தனித் திட்டம் நடத்துகிறது.

இந்த 125இல் 30 சதவீதம் பெண்களுக்கு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 37 இடம். ஆனால் விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: தகுதியான பெண்கள் போதிய அளவில் வராவிட்டால் அந்த இடங்கள் ஆண்களுக்குப் போய்விடும். அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க மாட்டார்கள். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று ஒரு பெண் விண்ணப்பிக்காமல் விட்டால் நடப்பது இதுதான். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

தகுதி என்ன? தேர்வு நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1 அன்று வயது 35க்குள் இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தகுதிப் படிப்பில் (முதுநிலைக்குப் போகிறவருக்கு இளநிலை, பிஎச்டிக்குப் போகிறவருக்கு முதுநிலை) 60 சதவீத மதிப்பெண் வேண்டும். வேலையில் இருப்பவர் அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது சேர்க்கைக் கடிதத்தில். க்யூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் கடிதம் வந்ததும் முதல் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி இருக்கும். அதோடு மூடிவிடாதீர்கள். கீழே போனால், "இறுதி மதிப்பெண் பட்டியல் சமர்ப்பிக்க வேண்டும்", "ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் இத்தனை மதிப்பெண் காட்ட வேண்டும்" என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு வரி இருந்தாலே அது நிபந்தனைக் கடிதம். கேட்டதைக் கொடுத்து, திருத்திய கடிதம் வாங்கிய பிறகுதான் அது உதவும். இடங்களைவிட ஆட்கள் அதிகமானால் பல்கலைக்கழகத்தின் தரவரிசையை வைத்துத்தான் முன்னுரிமை என்பதால், முடிந்தவரை மேலே உள்ளதற்கு முயலுங்கள்.

பணம் எவ்வளவு? கல்விக் கட்டணம் எவ்வளவோ அவ்வளவு. விமான டிக்கெட், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேரும். தங்கவும் சாப்பிடவும் தனித் தொகை. பல ஆண்டுகளாக இது பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டு, மற்ற நாடுகளில் 15,400 டாலர் என்று இருந்துவந்தது. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் உள்ள தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முதுநிலைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, பிஎச்டிக்கு 4 ஆண்டு.

அங்கே போன பிறகு ஆய்வு உதவியாளராகவோ பாட உதவியாளராகவோ வேலை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 2,400 டாலர் வரை (பிரிட்டனில் 1,560 பவுண்டு) சம்பாதிக்க விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் உதவித்தொகையில் கழிப்பார்கள். இருந்தாலும் பணத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த வேலையைச் செய்யுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பெண், இருபது பேருக்கு முன்னால் நின்று கணக்குப் போட்டுக் காட்டும் நிலைக்கு அதில்தான் வருகிறாள். உதவித்தொகையில் வெளிநாடு போவது நம் பெண்களுக்குப் புதிதல்ல. சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பர் உதவித்தொகையில்தான் அமெரிக்கா போனார். 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். அவருக்குக் கிடைத்தது தனியார் பணம். இன்றைக்கு அதே கதவை அரசு திறந்து வைத்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2022 முதல் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுகளுக்கு இந்தப் பணம் இல்லை. தன் ஊரில் தன் மக்கள் வாழ்ந்த கதையை ஆராய நினைக்கும் பெண்ணுக்கு இது பெரிய இழப்பு. இந்த விதியை நீக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்கள் ஒன்றிய அரசின் பட்டியல் சாதியினர் பட்டியலில் இல்லாததால் அந்த 115 இடங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. தமிழ்நாட்டுப் பெண் என்றால் அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் அவர்களும் சேர்த்தி. ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். ஆதிதிராவிடர் நலத்துறையில் விசாரியுங்கள்.

ஒன்றிய அரசின் விண்ணப்பம் முழுக்க இணையவழியில்தான். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கும். ஆனால் சான்றிதழ்களை டிசம்பரிலேயே எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். சாதிச் சான்றில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணமானவர் என்றால் ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்றும் மூன்று மாதிரி இருக்கும். எதை மாற்றுவது என்று முடிவு செய்து, அன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.